நாடகத்தைப் பற்றி எழுதும்போது முதலில் தேட வேண்டியது வினைச்சொல்லை

எங்கள் ஊர்த் திருவிழாவில் ‘வள்ளி திருமணம்’ நாடகம் நடக்கவிருக்கிறது, அதைப் பார்த்து விழா மலருக்கு ஒரு கட்டுரை எழுதித் தரச் சொல்லியிருக்கிறார்கள், ஆனால் எதை எழுதினாலும் ‘அருமையான நடிப்பு’, ‘தத்ரூபமான காட்சி’ என்றே பேனா போகிறது, சரியான சொல்லை எப்படித் தேர்ந்தெடுப்பது என்று கேட்டிருக்கிறீர்கள். கும்பகோணத்தைச் சுற்றியுள்ள ஊர்களில் விடிய விடிய நாடகம் பார்த்து, சிற்றிதழ்களில் அவற்றைப் பற்றி எழுதிவருபவன் என்ற முறையில் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

‘அருமை’ என்பது உங்கள் மகிழ்ச்சியைச் சொல்கிறது. மேடையில் என்ன நடந்தது என்பதைச் சொல்வதில்லை. அதைச் சொல்லக்கூடியது வினைச்சொல்தான். ஆகவே பெயரடைகளை ஒதுக்கிவைத்துவிட்டு, நடிகர் என்ன செய்தார் என்று மட்டும் முதலில் எழுதிப் பாருங்கள். ஒரு முறை தஞ்சாவூரில் பார்த்த நவீன நாடகம் ஒன்றில் இளம் நடிகை ஒருவர் கிழவி வேடம் ஏற்றிருந்தார். ‘முதுமையைத் தத்ரூபமாகக் கண்முன் நிறுத்தினார்’ என்று குறிப்பேட்டில் எழுதிவிட்டு, எதைக் கண்டு அப்படி எழுதினேன் என்று யோசித்தேன். அவர் உட்காரும்போது முதலில் வலக்கையைத் தரையில் ஊன்றி, ஒரு மூச்சு விட்டு, அதன் பிறகே முழங்காலை மடக்கினார். எழுந்தபோது முந்தானையை உதறாமல், விரல்களால் நீவிச் சரிசெய்தார். இந்த இரண்டையும் எழுதியதும் ‘தத்ரூபம்’ தேவையற்றுப் போயிற்று.

வினைச்சொற்களிலும் நாம் கவனமின்றிக் கையாளும் சில உண்டு. ‘அரங்கேறியது’ அவற்றில் முதன்மையானது. அரங்கேற்றம் என்றால் முதல் முறையாக அவையில் வைப்பது. ஐம்பதாவது முறையாக நடக்கும் நாடகத்தை ‘நேற்று அரங்கேறியது’ என்று எழுதினால், அதற்கு முந்தைய நாற்பத்தொன்பது இரவுகளையும் அழித்துவிடுகிறோம். செய்தித்தாள்களில் கொள்ளையும் கொலையும்கூட ‘அரங்கேறுகின்றன’. அந்தப் பழக்கம் நம் கைக்குத் தொற்றாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். மேடையேறியது, நடந்தது, நிகழ்த்தப்பட்டது என்று எழுதலாம். ஊர்மக்கள் பணம் திரட்டி ஏற்பாடு செய்ததைச் சொல்ல ‘நாடகம் போட்டார்கள்’ என்ற பேச்சுவழக்கே போதும். யார் பொறுப்பேற்றார்கள் என்பது அதில் இருக்கிறது. ‘நாடகம் ஆடினார்கள்’ என்பதைக் கொச்சை என்று திருத்துகிறவர்களும் உண்டு. தஞ்சைப் பெரிய கோயிலில் இரண்டாம் இராசேந்திரனின் ஆறாம் ஆட்சியாண்டுக் கல்வெட்டு, வைகாசித் திருவிழாவில் இராசராசேசுவர நாடகம் ஆடுவதற்காகச் சாந்திக்கூத்தன் ஒருவனுக்கு ஆண்டுதோறும் 120 கலம் நெல் அளக்கச் சொல்கிறது. அங்கே இருக்கும் வினையும் ‘ஆட’ என்பதுதான். ஆட்டமும் பாட்டும் முதன்மையாக இருக்கும் நாடகத்துக்கு ‘ஆடினார்கள்’ என்பதைவிடப் பொருத்தமான சொல் எனக்குத் தெரியவில்லை.

இனி, நான் செய்த ஒரு பிழையைச் சொல்ல வேண்டும். எழுதத் தொடங்கிய காலத்தில், நீங்கள் பார்க்கப்போகும் அதே ‘வள்ளி திருமணம்’ நாடகத்தை ஒரு கிராமத்தில் பார்த்தேன். நாரதருக்கும் வள்ளிக்கும் நடக்கும் தர்க்கத்தில், தம் பாட்டை முடித்த நாரதர் வேடக்காரர் அடுத்த வசனத்துக்குப் போகாமல் நின்றார். ‘நாரதர் வசனத்தை மறந்து தடுமாறினார், ஒத்திகைக் குறைவு தெரிந்தது’ என்று எழுதினேன். இதழ் வெளிவந்த சில நாட்களில், அன்று ஆர்மோனியம் வாசித்தவரை வேறோர் ஊர் மேடையில் சந்தித்தேன். அவர் கோபப்படவில்லை. “தம்பி, அவர் தடுமாறலை. நான் கட்டை மாத்துற வரைக்கும் நின்னார். அடுத்து அந்தம்மா பாடணும், அவங்க சுருதி வேற. இது தெரிஞ்ச ஆள் நிப்பாங்க, தெரியாத ஆள்தான் அவசரப்பட்டு அடுத்த வசனத்துக்குப் போயிடுவாங்க” என்றார்.

என் கண் பார்த்தது ‘நின்றார்’ என்பதை மட்டுமே. ‘மறந்தார்’, ‘தடுமாறினார்’ என்ற இரண்டும் நான் சேர்த்த ஊகங்கள். அந்த ஊகங்கள் அவருடைய தேர்ச்சியைக் குறையாக மாற்றிவிட்டன. ‘ஒத்திகைக் குறைவு’ என்பது அதைவிடப் பெரிய பிழை. ‘வள்ளி திருமணம்’ நடக்கும் ஸ்பெஷல் நாடக முறையில், நாயக வேடம் ஏற்கும் ராஜபார்ட் ஓர் ஊரிலிருந்தும், நாயகி வேடம் ஏற்கும் ஸ்திரீபார்ட் இன்னோர் ஊரிலிருந்தும், கோமாளியான பபூனும், ஆர்மோனியம் வாசித்துப் பாடும் பின்பாட்டுக்காரரும், மிருதங்கக்காரரும் வேறு வேறு ஊர்களிலிருந்தும் தனித்தனியாக ஒப்பந்தமாகி, அன்றிரவு அந்த மேடையில்தான் ஒன்றுசேர்கிறார்கள். கூடி ஒத்திகை பார்ப்பது அந்த முறையிலேயே இல்லை. நாடகாசிரியர் சங்கரதாஸ் சுவாமிகள் (1867–1922) எழுதிவைத்த பாட்டும் வசனமும் எல்லோருக்கும் பொதுவான அடித்தளம். அதன்மேல் தர்க்கத்தை அன்றன்றைக்கு வளர்த்துக்கொண்டு போவது நடிகர்களின் வித்தை. ஆகவே இந்த நாடகத்துக்கு ‘இயக்குநர்’, ‘குழுவினர்’ என்ற சொற்களும் பொருந்துவதில்லை. பல்கலைக்கழக நாடகத் துறையிலோ நகர அரங்கிலோ பார்க்கும் நாடகத்துக்கு அவை சரி. அங்கே ‘இயக்கம்’ என்பதற்குச் சிலர் விரும்பும் ‘நெறியாள்கை’யும் நல்ல சொல். ராஜபார்ட், ஸ்திரீபார்ட், பின்பாட்டு என்பவற்றைத் தூய தமிழ் அல்ல என்று மாற்றிவிடாதீர்கள். ஸ்திரீபார்ட்டைக் ‘கதாநாயகி’ என்று எழுதினால் கதையில் வரும் ஒரு பெண் மட்டுமே மிஞ்சுவாள். இரவு முழுவதும் பாடி, ஆடி, எதிராளியின் கேள்விக்கு அந்தக் கணத்தில் பதில் கட்டும் ஒரு தொழில் மறைந்துபோகும்.

‘மிகைநடிப்பு’ என்ற சொல்லையும் யோசித்துப் பயன்படுத்துங்கள். அறுவடையான வயலில் பந்தல் போட்டு, நள்ளிரவு இரண்டு மணிக்கு, கடைசி வரிசையில் பாயில் படுத்திருக்கும் ஆளுக்கும் எட்ட வேண்டிய கையசைவு பெரிதாகத்தான் இருக்கும். அந்த மேடைக்கு அதுவே அளவு. அந்த அளவையும் தாண்டியிருந்தால் மட்டும் மிகை என்று எழுதலாம். எதைத் தாண்டியது என்பதையும் அப்போது சொல்ல வேண்டும்.

தமிழ் நமக்குத் தந்திருக்கும் ஒரு வசதியைப் பலர் பயன்படுத்துவதில்லை. பாத்திரத்துக்கு ‘அவள்’, ‘அவன்’; நடிப்பவருக்கு ‘அவர்’. ‘வள்ளி கவண்கல்லை எறிகிறாள், அதற்கு முன் நடிகை இரண்டடி முன்னே வந்து கூட்டத்தைப் பார்த்தார்’ என்று எழுதினால், கதை எது, நடிகரின் முடிவு எது என்பது விளக்கமின்றியே பிரிந்துவிடுகிறது. மேலட்டூரில் ஆடப்படும் பாகவத மேளா என்னும் நாட்டிய நாடகத்தைப் பற்றி எழுதும்போது இதன் அருமை எனக்கு நன்றாக விளங்கியது. அங்கே எல்லா வேடங்களையும் ஆண்களே ஏற்கிறார்கள். பிரகலாத சரித்திரத்தில் மகனுக்காக லீலாவதி கலங்குகிறாள். அந்த வேடம் ஏற்றவர் அப்போது கண் இமைக்காமல் நின்றார். அடுத்தடுத்த வாக்கியங்களில் இருவரையும் குழப்பமில்லாமல் வைக்க முடிகிறது. காலமும் இதற்கு உதவும். கதை எப்போதும் நடப்பது, ஆகவே நிகழ்காலம். நடிகர் அன்றிரவு செய்தது இறந்தகாலம். எல்லா இடத்திலும் இது ஒத்துவராது, ஆனால் சிக்கலான பத்தியை எழுதும்போது இதை முயன்று பாருங்கள்.

மேலட்டூரைச் சொன்னதால் இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். அதைத் ‘தெருக்கூத்து’ என்று எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள். கோயிலின் எதிரே தெருவில் மேடை போட்டு நடப்பதால் அந்தப் பெயர் வந்துவிடுகிறது போலும். தெருக்கூத்து வடமாவட்டங்களின் கலை. கதையை நடத்திச் செல்லும் கட்டியங்காரனும், கட்டை, புஜக்கீர்த்தி என்னும் அணிகளும் கொண்ட தனி மரபு. பாகவத மேளா, தெலுங்குச் சாகித்தியங்களைக் கர்நாடக இசையில் பாடி ஆடும் நாட்டிய நாடகம். அங்கே பாத்திரம் ‘நுழைவதில்லை’. பிரவேசத் தரு என்னும் அறிமுகப் பாட்டு பாடப்பட, ஆடிக்கொண்டே தன்னை அறிமுகப்படுத்திக்கொள்கிறது. அதற்கு அவர்கள் சொல்லும் ‘பாத்திரப் பிரவேசம்’ என்பதையே நாமும் எழுத வேண்டும். அதே போல, கோயிலில் வைத்து வழிபட்டு, நோன்பிருந்தவர் மட்டும் அணியும் நரசிம்மர் முகத்தை ‘முகமூடி’ என்ற ஒரு சொல்லோடு விட்டுவிட்டால் வாசகருக்குப் பாதிகூடப் போய்ச் சேராது. வழிபாட்டையும் நோன்பையும் ஒரு வாக்கியத்தில் சொல்லிவிட்டு, பிறகு முகமூடி என்று எழுதலாம்.

திரையைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். காவிரிப்பூம்பட்டினத்து அரங்கைச் சொல்லும் சிலப்பதிகாரம், ஒருமுக எழினி, பொருமுக எழினி, கரந்துவரல் எழினி என்று மூன்று திரைகளுக்கு மூன்று பெயர் வைத்திருக்கிறது. ஒன்று ஒரு பக்கமிருந்து வருவது, ஒன்று இரு பக்கமிருந்தும் வந்து பொருந்துவது, ஒன்று மேலிருந்து இறங்குவது. நாமோ எல்லாவற்றுக்கும் ‘திரை விலகியது’ என்று எழுதிவிடுகிறோம். உங்கள் ஊரில் சீன் படுதா சுருண்டு மேலே ஏறினால் ‘ஏறியது’ என்றே எழுதுங்கள்.

நாடகத்தன்று முடிந்தவரை ஆர்மோனியம் வைக்கும் பக்கமாக இடம் பிடித்து உட்காருங்கள். நடிகர்களும் பின்பாட்டுக்காரரும் கண்ணாலும் விரலாலும் பேசிக்கொள்வது அங்கிருந்துதான் தெரியும். பார்த்த அன்றே வினைகளை மட்டும் குறித்துவையுங்கள்: நின்றார், திரும்பினார், பாட்டைப் பாதியில் விட்டார், சிரிப்பு அடங்கும்வரை காத்திருந்தார். விடிந்து, வேடம் கலைத்து, அவர்கள் டீ குடிக்கும் நேரத்தில், புரியாத வினை ஒன்றிரண்டைப் பற்றி அவர்களிடமே கேளுங்கள். “ஐயா, அந்த இடத்துல ஏன் நின்னீங்க?” என்று கேட்டால் மகிழ்ச்சியோடு சொல்வார்கள். நான் அன்று கேட்டிருக்க வேண்டிய கேள்வி அது.