கடற்கரையில் எங்கே தங்குவது? மலையிலிருந்து வந்த கேள்விகள்

பண்டாரவளையில் வேன் ஓட்டுகிறேன். இருபது வருஷமாகத் தோட்டத்துக் குடும்பங்களையும் டவுன் குடும்பங்களையும் கடலுக்கு ஏற்றிப் போய் இறக்கி வருகிறவன். தங்குமிடம் பற்றிக் கேட்டவர்களுக்கு எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். கேள்விக்கு முன்னால் இருப்பது கேட்டவரின் ஊர்.

ஹப்புத்தளை: அண்ணே, ஆகஸ்ட் லீவுக்கு அம்மாவையும் இரண்டு சின்னப் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு அமைதியான கடற்கரைக்குப் போக வேண்டும். யாருக்கும் நீந்தத் தெரியாது. கிழக்குக் கரையில் பாசிக்குடாவா, அறுகம்குடாவா?

பாசிக்குடா. யோசிக்கவே வேண்டாம் தம்பி. வெளியே இருக்கிற பவளப்பாறை அலையை உடைத்துவிடும். கரையிலிருந்து வெகுதூரம் நடந்து போனாலும் தண்ணீர் இடுப்பளவுதான். லிந்துலைப் பக்கத்துப் பாட்டி ஒருவரை அங்கே கூட்டிப் போயிருந்தேன். எழுபது வயசுக்கு மேல், அன்றைக்குத்தான் முதல் தடவையாகக் கடலைப் பார்க்கிறார். சேலையை முழங்காலுக்கு மேல் சொருகிக்கொண்டு பேத்தி கையைப் பிடித்து இறங்கினார். ஒரு கை அள்ளி வாயில் வைத்துப் பார்த்துவிட்டு, "இவ்வளவு தண்ணியும் உப்பா தம்பி?" என்று கேட்டார். அரை மணி நேரம் ஏறவே இல்லை. நீந்தத் தெரியாதவர்களைக் கூட்டிப் போக அந்தக் கடல்தான் சரி.

கடலை ஒட்டி இருப்பவை பெரும்பாலும் பெரிய ரிசோர்ட்கள். நம் கைக்கு எட்டுகிற கெஸ்ட் ஹவுஸ்கள் கொஞ்சம் உள்ளே, கல்குடா வீதிப் பக்கம் கிடைக்கும். அங்கிருந்து கடலுக்கு நடக்கிற வழியில் நிழல் இருக்கிறதா என்று கேளுங்கள். ஆகஸ்டில் கச்சான் காற்று அடிக்கும். நெருப்புக்குப் பக்கத்தில் நிற்கிற மாதிரி இருக்கும். நம் உடம்பு குளிரில் வளர்ந்தது, ஃபேன் அந்தச் சூட்டைத்தான் சுற்றிச் சுற்றி அடிக்கும். அம்மாவும் பிள்ளைகளும் படுக்க ஒரு அறையாவது ஏசி எடுங்கள்.

இன்னொன்று. கல்குடாக் கரையில் ஆள் குறைவு, பார்க்க அழகு. ஆனால் ஆழம் சட்டென்று வரும், இழுப்பும் உண்டு. அந்தப் பக்கம் தங்கலாம். குளிக்கப் பாசிக்குடாவுக்கு வாருங்கள்.

பாதை: பதுளை, பசறை, லுணுகலை, பிபிலை, மகாஓயா, செங்கலடி. அங்கே வடக்கே திரும்பி வாழைச்சேனை. மகாஓயாவில் வெந்நீர்க் கிணறுகள் இருக்கின்றன, பிள்ளைகளுக்குக் காட்டுங்கள்.

பொகவந்தலாவை: தீபாவளி முற்பணம் கிடைக்கும். பதினாலு பேர் சேர்ந்து தீபாவளி முடிந்த கையோடு பாசிக்குடா போகலாம் என்று இருக்கிறோம். ரூம் பாதி விலைக்குத் தருகிறார்கள்.

போகாதீர்கள். இதைச் சொல்லும்போது எனக்கே கஷ்டமாக இருக்கிறது. நம் ஆட்கள் கையில் காசு புரள்கிற நேரம் அதுதான், கிழக்குக் கரையில் வாடைக்காற்று தொடங்குகிற நேரமும் அதுதான். ஐப்பசி பிறந்தால் மழை வரும். கார்த்திகை, மார்கழியில் கொட்டும். கடல் கலங்கி மண் நிறமாகிவிடும். அறை பாதி விலைக்குக் கிடைப்பதற்குக் காரணம் அதுதான். பதினாலு பேரும் மூன்று நாள் அறைக்குள் உட்கார்ந்து மழையைப் பார்த்துவிட்டு வருவீர்கள். அதற்கு பொகவந்தலாவையே போதும்.

அந்தக் காசில் ஒரு பங்கை எடுத்து வைத்துச் சித்திரை லீவுக்குப் போங்கள். கிழக்குக்கு ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை நல்ல காலம். மாதத்தை முதலில் முடிவு பண்ணுங்கள், அப்புறம் கடல், கடைசியில்தான் அறை. எல்லாரும் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள்.

லிந்துலை: டிசம்பர் ஸ்கூல் லீவுக்குத் திருகோணமலை நிலாவெளியில் தங்கலாமா? அங்கிருந்து படகில் புறாத்தீவுக்கும் போக ஆசை.

பொகவந்தலாவைக்குச் சொன்னதுதான். கடல் கொந்தளித்தால் படகு போகாது. டிசம்பருக்குத் தெற்குக் கரைதான் சரி. பிள்ளைகள் இருந்தால் மாத்தறை பொல்ஹேனவைப் பாருங்கள், அங்கேயும் பாறை அலையைத் தடுக்கும். புறாத்தீவை வைகாசிக்கு மேல் வைத்துக்கொள்ளுங்கள்.

ராகலை: நவம்பரில் உப்புவெளி எப்படி அண்ணே?

மழை. அதுவும் கிழக்குக் கரைதான். மேலே இரண்டு பதில்களையும் படியுங்கள்.

நானுஓயா: மாலைதீவுக்கு பேக்கேஜ் எடுக்கலாமா?

அங்கே நான் போனதில்லை. டிக்கெட் போடுகிற ஏஜென்சியில் கேளுங்கள்.

பதுளை: நாங்கள் ஆறு பையன்கள், அறுகம்குடா போகிறோம். உள்ளூர் ஆட்களுக்கு ரூம் தர மாட்டார்கள் என்கிறார்களே, உண்மையா?

எல்லா இடத்திலும் அப்படி இல்லை. ஆனால் நடக்கிறது, எனக்கே நடந்தது. ஒரு சீசனில் ஓரிடத்துக்கு போன் எடுத்துத் தமிழில் கேட்டேன். ரூம் இல்லை என்றார்கள். பத்து நிமிஷம் கழித்து என் வேனில் வந்த வெளிநாட்டுக்காரர் இங்கிலீஷில் கேட்டார். இரண்டு ரூம் இருக்கிறது, உடனே வரலாம் என்றார்கள். அன்றைக்கு என் முகத்தை அவரிடம் காட்ட முடியவில்லை. நம் நாட்டில், நம் பாஷையில் கேட்டதற்கு அந்தப் பதில்.

அறுகம்குடாவை ஒட்டிய உல்லை ஊருக்குள் குடும்பமாக நடத்துகிற சின்ன இடங்கள் இருக்கின்றன. பக்கத்துப் பொத்துவில் ஆட்கள் தமிழ் பேசுகிறவர்கள். நேரே போய் நின்று எத்தனை பேர், எத்தனை நாள் என்று பேசுங்கள், மரியாதையாகத் தருவார்கள்.

பசறை: குறுக்கே பேசுவதற்கு மன்னியுங்கள் அண்ணே. ரூம் தராதவர்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை. நம் பையன்கள் வேன் ஸ்பீக்கரைத் திறந்துவிட்டு விடிய விடிய ஆடுகிறார்கள். போத்தலை மணலிலேயே போட்டுவிட்டு வருகிறார்கள்.

கொட்டகலை: அப்போ வெள்ளைக்காரர் குடிப்பதில்லையா? அவர்கள் பார்ட்டி வைத்தால் வியாபாரம், நாங்கள் பாட்டுப் போட்டால் தொல்லையா? வருஷத்துக்கு ஒரு தடவை மலையை விட்டு இறங்குகிறோம்.

பசறை: ஒரு தடவை இறங்கினாலும் அது இன்னொருத்தன் ஊர்தானே?

இரண்டு பேரும் என் வாயிலிருந்து வர வேண்டியதைத்தான் பேசுகிறீர்கள். ஒரு விடியற்காலை அறுகம்குடாவில் கரைவலை இழுப்பதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். முன்னால் இழுத்தவர் சட்டென்று உட்கார்ந்தார். உள்ளங்காலில் போத்தல் துண்டு. பக்கத்திலிருந்தவர் சாரத்தின் ஓரத்தைக் கிழித்துக் கட்டினார். அவர் எழுந்து மறுபடி கயிற்றைப் பிடித்தார், வலையைப் பாதியில் விட முடியாதே. போட்டது யார் என்று தெரியாது. ஆனால் முந்தின ராத்திரி அந்த இடத்தில் உட்கார்ந்திருந்தது என் வேனில் வந்த பையன்கள். அன்றிலிருந்து கடற்கரைக்கு என் வேனில் கண்ணாடிப் போத்தல் ஏறுவதில்லை.

அதற்காக முகத்தையும் பாஷையையும் பார்த்து ரூம் இல்லை என்பதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். பத்து மணிக்கு மேல் சத்தம் கூடாது என்று எழுதிப் போடட்டும், யார் மீறினாலும் வெளியே அனுப்பட்டும். ஆளைப் பார்த்துக் கதவைச் சாத்துவது வேறு. கொட்டகலைத் தம்பி கேட்டது நியாயம்தான்.

பதுளை: நன்றி அண்ணே. எங்களில் நாலு பேர் ஆற்றில் நன்றாக நீந்துவோம்.

அதுதான் எனக்குப் பயம். ஆற்று நீச்சல் கடலில் உதவாது. அலை கரைக்குக் கொண்டுவந்த தண்ணீர் திரும்பிப் போக ஒரு வாய்க்கால் தேடும். அந்த இடத்தில் அலை உடையாது, பார்க்க அமைதியாக இருக்கும். நம் ஆட்கள் சரியாக அங்கேதான் இறங்குகிறார்கள். இழுத்தால் கரையைப் பார்த்து எதிர்நீச்சல் போடாதீர்கள். கரைக்குப் பக்கவாட்டில் நீந்தி, இழுப்பு விட்டபிறகு திரும்புங்கள். எங்கே தங்கினாலும், எங்கே குளிக்கலாம் என்று மீனவர் ஒருவரைக் கேட்டுவிட்டுத்தான் இறங்க வேண்டும்.

தலவாக்கலை: ரூமுக்குக் காசு போடுவதற்கு முன் போனில் என்ன கேட்க வேண்டும் அண்ணா?

தண்ணீரைக் கேள் தங்கச்சி. கடலோரக் கிணறு பல இடங்களில் உவர். சோப்பு நுரைக்காது, தலைமுடி கயிறு மாதிரி ஆகிவிடும். நம் தேயிலையைக் கொண்டுபோய் அந்தத் தண்ணீரில் போட்டால் சாயம் கறுத்துப் போகும், வாயில் வைக்க முடியாது. குடிக்க, தேத்தண்ணி போட நல்ல தண்ணீர் தருவார்களா என்று கேள். அப்புறம் கரண்ட் போனால் ஜெனரேட்டர் உண்டா, நுளம்பு வலை உண்டா. முழுக் காசையும் முன்கூட்டியே போடாதே. கொஞ்சம் போட்டு மீதியை அறையைப் பார்த்தபிறகு கொடு.

பதுளை: கடைசியாக ஒன்று. வேலை முடித்துப் பின்னேரம் கிளம்பினால் ராத்திரிக்குள் அறுகம்குடா போய்விடலாமா?

வேண்டாம். மொனராகலை, சியம்பலாண்டுவ தாண்டினால் லாகுகலைக் காடு. பொழுது சாய்ந்தால் யானை ரோட்டுக்கு வரும். காலை நாலு மணிக்குக் கிளம்புங்கள், காலைச் சாப்பாட்டைப் பொத்துவிலில் வைத்துக்கொள்ளலாம்.