இருட்டினதும் வீடு வெறிச்சென்று ஆகிறதா?

சமையலை ஏழு மணிக்குத் தள்ளிப் போடுங்கள். கணவர் சிங்கப்பூரில், வெள்ளி ராத்திரிதான் மலேசியாவில் குளுவாங் வீட்டுக்கு வருகிறார், பகல் ஓடிவிடுகிறது, இருட்டினால்தான் பொழுது நகரவில்லை என்று எழுதியிருந்தீர்கள். இருட்டினதிலிருந்து படுக்கும் வரை உள்ள அந்த மூன்று மணி நேரத்துக்குக் கைக்கு வேலை வேண்டும், அவ்வளவுதான்.

ஒருத்திக்குத்தானே என்று மதியமே ஆக்கி வைத்துவிடுகிறீர்கள் என்று நினைக்கிறேன். என் வீட்டுக்காரர் சரவாக்கில், மீரியில் இருந்த காலத்தில் நானும் அப்படித்தான், சூடு பண்ணி நின்றபடியே சாப்பிட்டேன். பிறகு மாற்றினேன். மின்னல் பண்பலை வானொலியை வைத்துவிட்டு, ஒரு கிண்ணம் காய்ந்த நெத்திலியை ஒவ்வொன்றாகத் தலை கிள்ளி, பிளந்து, கறுப்புக் குடலை எடுத்துச் சம்பல் செய்து இறக்கினால் மணி எட்டரை ஆகிவிடும். தட்டு போட்டு உட்கார்ந்து சாப்பிடுங்கள்.

அப்புறம், மூன்று ராத்திரி காலண்டரில் குறித்துப் பாருங்கள்: எந்த நேரம் மனசு கனக்கிறது? எனக்கு அது அவர் போனை வைத்த பிறகு வந்த அரை மணி. பேச்சைச் சமையலுக்கு முன்னால் மாற்றினோம், படுக்கப் போகும்போது மனசு லேசாக இருந்தது.

வாசலில் கங்கோங் கீரைத் தண்டு நட்டாலும் நல்லது, மூன்று நான்கு வாரத்தில் பறிக்கலாம்.

ஒன்று மட்டும். இரண்டு வாரமாகத் தூக்கமோ பசியோ இல்லை, காரணமில்லாமல் அழுகை வருகிறது என்றால் சம்பல் போதாது. அரசாங்கக் கிளினிக்குக்குப் போங்கள், குடிமக்களுக்கு 1 ரிங்கிட்தான். கணவரிடமும் மறைக்காமல் சொல்லுங்கள்.