புது கார்டு போட்டதும் பிசி செத்துப்போச்சா? எஸ்எம்பிஎஸ் பத்தி நீங்க கேட்ட கேள்விகள்

பெங்களூர் எஸ்பி ரோடு பக்கம் சர்வீஸ் வேலை பாக்கறதால எனக்கு வர்ற கேள்வில பாதி ஒரே மாதிரிதான், "அப்கிரேடு பண்ணேன், பவர் போயிடுச்சு". பதட்டத்துல உடனே புது எஸ்எம்பிஎஸ் (சுவர் கரண்ட பிசி பாகங்களுக்கு ஏத்த வோல்டேஜா மாத்திக் குடுக்கற பவர் சப்ளை பெட்டி) வாங்கிடாதீங்க, கடைசியா எத மாத்துனீங்களோ அங்க இருந்து தேட ஆரம்பிங்க.

அண்ணா, அல்சூர்ல இருக்கேன். ஐ5 12400 ப்ராசசர் இருக்கற சிஸ்டம்ல ஆர்டிஎக்ஸ் 3060 கிராபிக்ஸ் கார்டு போட்டேன். யூடியூப் நல்லா ஓடுது, கேம் போட்டா பத்து நிமிஷத்துல பட்டுனு ஆஃப். நேத்துல இருந்து ஆனே ஆகல. எஸ்எம்பிஎஸ் கேபினெட்டோட வந்த 450 வாட். மதர்போர்டும் போயிருக்குமா?

போர்டு போச்சுன்னு இப்பவே முடிவு கட்டாதீங்க தம்பி. அந்த எஸ்எம்பிஎஸ் ஸ்டிக்கர்ல பெருசா போட்டிருக்கற 450ஐ விட்டுட்டு கீழ சின்ன எழுத்துல இருக்கற டேபிள்ல 12 வோல்ட் லைனுக்கு எத்தன ஆம்பியர்னு பாருங்க, கேபினெட்டோட வந்த பெட்டிகள்ல நான் அடிக்கடி பாக்கறது 16, 18தான், 18ஐ 12ஆல பெருக்கினா வெறும் 216 வாட். உங்க கார்டு மட்டுமே 170 வாட், ப்ராசசர் டர்போல போனா 117, ரெண்டும் சேத்து 287, அதாவது 12 வோல்ட் லைன்லயே கிட்டத்தட்ட 24 ஆம்பியர் வேணும், இதுல பேன், டிஸ்க் எல்லாம் சேரவே இல்ல. என்விடியாவே இந்த கார்டுக்கு 550 வாட்னு சொல்லியிருக்காங்க. யூடியூப் ஓடும்போது கார்டு சும்மா இருக்கும், கேம்லதான் முழு பவரும் இழுக்கும், அதான் அங்க போய் விழுந்துச்சு.

இப்போ செய்ய வேண்டியது, சுவர் பிளக்க கழட்டிட்டு பவர் பட்டன பத்து செகண்ட் அமுக்கிப் பிடிங்க, அஞ்சு நிமிஷம் அப்படியே விடுங்க, சில எஸ்எம்பிஎஸ் ஓவர்லோடு ஆகி லாக் ஆயிருக்கும், பிளக்க எடுத்தாதான் விடும். அப்புறம் 3060ஐ கழட்டி வச்சுட்டு எச்டிஎம்ஐய போர்டுலயே குத்தி ஆன் பண்ணுங்க, உங்க ப்ராசசர்ல கிராபிக்ஸ் உள்ளயே இருக்கு. வந்துச்சுன்னா போர்டு தப்பிச்சுது, எஸ்எம்பிஎஸ்தான் பத்தல. வரலைன்னா எஸ்எம்பிஎஸ்ல இருந்து போர்டுக்குப் போற பெரிய 24 பின் கேபிள்ல ஊதா ஒயர மல்டிமீட்டர்ல பாருங்க, சிஸ்டம் ஆஃப்ல இருந்தாலும் அங்க 5 வோல்ட் நிக்கணும், 4.75ல இருந்து 5.25 வரை ஓகே, அது ஜீரோன்னா சுவர் பாயிண்டயும் பவர் கேபிளையும் ஒருதடவ செக் பண்ணிக்கங்க, அதுல கரண்ட் இருந்தா எஸ்எம்பிஎஸ் போயிடுச்சு. இன்னொன்னு, கார்டோட 8 பின்னுக்கு மோலெக்ஸ் (பழைய 4 பின் டிஸ்க் பவர் கேபிள்) கன்வெர்ட்டர் போட்டிருந்தீங்கன்னா அத தூக்கிப் போட்டுடுங்க, 150 வாட் போற எடம் அது, உருகின பின்ன நான் நிறைய பாத்துட்டேன்.

பேப்பர் கிளிப் டெஸ்ட் பண்ணேன், பேன் சுத்துது. அப்போ எஸ்எம்பிஎஸ் நல்லாத்தான இருக்கு?

இல்லைங்க. அந்த 24 பின்ல பச்சை ஒயரையும் ஒரு கருப்பு ஒயரையும் கிளிப்பால சேத்தா அது "ஆன் ஆகத் தெரியும்"னு மட்டும்தான் சொல்லுது, லோடு தாங்குமான்னு சொல்லல. சும்மா நிக்கும்போது 12.1 வோல்ட் காட்டற மஞ்சள் ஒயர் (12 வோல்ட் லைன்) கேம் ஓடும்போது 11.4க்கு கீழ போனா அது பெயில்தான். சாம்பல் ஒயர்லயும் 5 வோல்ட் வரணும், அது வரலைன்னா போர்டு எழுந்திருக்கவே எழுந்திருக்காது. சில நல்ல மாடல்ல லோடு கம்மியா இருந்தா பேன் சுத்தவே சுத்தாது, அதப் பாத்து பயப்படவும் வேணாம்.

போர்டு, ப்ராசசர் புதுசு, பழைய கேபினெட். அமுக்கினா அரை செகண்ட் பேன் சுத்தி நின்னுடுது. எஸ்எம்பிஎஸ் மாத்தியும் அதே!

ரெண்டு எஸ்எம்பிஎஸ்லயும் அதே கதைன்னா பெரும்பாலும் அது ஷார்ட். பழைய போர்டுக்கு போட்ட பித்தளை ஸ்டாண்ட்ஆஃப் (போர்ட கேபினெட்ல படாம தூக்கிப் பிடிக்கற குட்டி திருகு) ஒண்ணு, புது போர்டுல ஓட்டை இல்லாத எடத்துல அடியில முட்டிட்டு நிக்கும். போர்ட வெளிய எடுத்து அட்டைப்பெட்டி மேல வச்சு ப்ராசசர், கூலர், ஒரு ராம் மட்டும் போட்டு ஓட்டிப் பாருங்க.

பேன் எல்லாம் சுத்துது, டிஸ்ப்ளே வரல.

போர்டோட மேல இடது மூலைல, ப்ராசசருக்கு பவர் குடுக்கற சிபியு 8 பின் கேபிள குத்துனீங்களான்னு மொதல்ல பாருங்க. முக்காவாசி நேரம் அதான்.

மடிவாளா பிஜில இருக்கேன். புது எஸ்எம்பிஎஸ் போட்டதுல இருந்து கேபினெட்ட தொட்டா சுர்ருனு ஷாக் அடிக்குது. பழசுல இல்ல. ரிட்டர்ன் பண்ணவா?

பொறுங்க, நல்ல எஸ்எம்பிஎஸ்ல உள்ள வர்ற கரண்ட சுத்தம் பண்ண ஒரு பில்டர் இருக்கும், அதுல இருக்கற கெப்பாசிட்டர் கொஞ்சூண்டு லீக்கேஜ பாடிக்கு அனுப்பும், அது எர்த் வழியா போயிடணும், எர்த் இல்லைன்னா பாடிலயே கிட்டத்தட்ட 115 வோல்ட் மிதக்கும், நீங்க தொட்டா உங்க வழியா போகும். மலிவு எஸ்எம்பிஎஸ்ல அந்த பில்டரையே போடாம காசு மிச்சம் பண்ணுவாங்க, அதனாலதான் பழசுல தெரியல. ஆக பெரும்பாலும் கோளாறு ரூம்ல, பொருள்ல இல்ல. டூ பின் கன்வெர்ட்டர் போட்டிருந்தா இன்னைக்கே எடுங்க, பிஜி ஓனர்கிட்ட எலக்ட்ரீஷியன கூட்டி எர்த் செக் பண்ணச் சொல்லுங்க, அதுவரைக்கும் ஆன் பண்ணாதீங்க, விளையாட்டு இல்ல இது. எர்த் நல்லா இருந்தும் அடிச்சுதுன்னா அப்போ ரிட்டர்ன் பண்ணுங்க.

புது மாடுலர் எஸ்எம்பிஎஸ் (கேபிள தனியா கழட்டி மாட்டற மாதிரி) வாங்கினேன், பழைய மாடுலரோட கேபிள் கரெக்டா உக்காந்துச்சுன்னு அதையே விட்டுட்டேன். இப்போ எஸ்எஸ்டியும் ஹார்ட் டிஸ்க்கும் காட்டல. குழந்தை போட்டோ எல்லாம் அதுலதான் சார்.

படிச்சதும் மனசு கஷ்டமா போச்சுங்க. எஸ்எம்பிஎஸ் பக்கத்து பின் வரிசைக்கு பொதுவான ஸ்டாண்டர்டே கெடையாது, பிராண்டுக்கு பிராண்டு மாறும், ஒரே பிராண்டுலயே மாடலுக்கு மாடல் மாறும், உக்காருதுன்னு குத்துனா 5 வோல்ட் போற எடத்துல 12 போயிடும். அந்தக் கேபிளத்தனையும் கழட்டிட்டு புது பெட்டில வந்ததையே போடுங்க. ஆனா டிஸ்க்குக்கு மட்டும் மறுபடி பவர் குடுத்துப் பாக்காதீங்க. நிறைய டெஸ்க்டாப் ஹார்ட் டிஸ்க் போர்டுல டிவிஎஸ் டயோடுன்னு ஒண்ணு இருக்கும், ஓவர் வோல்டேஜ் வந்தா அது ஷார்ட் ஆகி மீதிய காப்பாத்தும், அது மட்டும் போயிருந்தா சரிபண்ணி டேட்டாவ எடுக்க வாய்ப்பு இருக்கு. எஸ்எஸ்டில நம்பிக்கை கம்மிதான், அத மறைக்க விரும்பல. போட்டோ ஹார்ட் டிஸ்க்லதான் இருக்குன்னா டேட்டா ரெக்கவரி பண்றவங்ககிட்ட நடந்தத அப்படியே சொல்லிக் குடுங்க, வீட்ல வச்சு திறக்காதீங்க.