பாதைக்குப் பர்மிட்டா? யார் சொன்னது?

கேள்வி: 'கிரேட் டிவைடு' மலைச் சைக்கிள் பாதையில் கூடாரத்துடன் பயணம் செய்ய ஆசை. பாதைக்கான பர்மிட்டும் விசாவும் சேர்த்து வாங்கித் தருவதாக ஓர் ஏஜென்ட் முன்பணம் கேட்கிறார். கொடுக்கலாமா? - வாசகர், காரைக்குடி

பதில்: கொடுக்காதீர்கள். அப்படியொரு பர்மிட்டே கிடையாது. கனடாவின் ஜாஸ்பரில் தொடங்கி அமெரிக்காவின் நியூ மெக்சிகோ மாநிலத்தில் ஆன்டிலோப் வெல்ஸ் எல்லைச் சாவடியில் முடியும் அந்த ஏறத்தாழ 5,000 கிலோமீட்டரில் பெரும்பகுதி பொதுச் சாலையும் காட்டு மண்பாதையும்தான். சில முகாம்களில் இரவுக் கட்டணம் உண்டு. அதையும் நீங்களே உறையில் போட்டு, அங்கே நட்டிருக்கும் இரும்புக் குழாய்க்குள் செருகிவிட்டுப் படுத்துவிடலாம். ஐந்தொகை எழுதிப் பழகிய ஊரில் இருந்துகொண்டு, இதற்கு ஒரு தரகரா?

விசாதான் உண்மையான வேலை. அமெரிக்காவுக்கு விண்ணப்பக் கட்டணம் 185 டாலர். யார் மூலம் போனாலும் அதே தொகை, மறுத்தாலும் திரும்பி வராது. டிஎஸ்-160 என்னும் அமெரிக்க விசா விண்ணப்பப் படிவத்தின் முடிவில், இதை நிரப்ப யாராவது உதவினார்களா என்று கேட்பார்கள். ஏஜென்டுகள் கூசாமல் 'இல்லை' என்று போட்டுவிடுவார்கள். பொய் உங்கள் பெயரில் போகும். அவர்கள் காட்டும் போலி ஓட்டல் முன்பதிவும் அப்படித்தான். படிவமோ தங்கும் முகவரி கேட்கிறது. தினம் ஓரிடத்தில் கூடாரம் அடிப்பவன் எந்தக் கதவு எண்ணைக் கொடுப்பான்? படிவத்தை வடிவமைத்தவர்களுக்கு அந்த யோசனையே இல்லை. முதல் இரவு தங்கும் விடுதியை எழுதுங்கள். நேர்காணலில் உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள்.

கனடாவுக்குத் தனி விசா. அமெரிக்க விசா இருந்தால் போதும் என்பார்கள். அந்தச் சலுகை வேறு சில நாட்டவருக்கு, இந்தியருக்கு இல்லை. இரட்டை அலைச்சல் வேண்டாமென்றால் அமெரிக்காவின் மொன்டானா மாநிலத்தில் யுரேகாவில் தொடங்குங்கள். ரூஸ்வில் என்னும் கனடா எல்லைச் சாவடிக்குச் சற்றுத் தெற்கே, பாதைமீதே இருக்கும் ஊர். கலிஸ்பெல் விமான நிலையத்தில் இறங்கிப் போகலாம். ராக்கி மலையின் கனடாப் பகுதி கைவிட்டுப் போகும், போகட்டும். தெற்கிலிருந்து ஏறிவந்து யுரேகாவில் முடித்தாலும் ஒரே விசாதான். ஆனால் எல்லைக்கு அந்தப் பக்கம் நின்று ஒரு போட்டோ எடுக்கலாமே என்று சக்கரத்தை உருட்டிவிடாதீர்கள். கனடா அதிகாரி திருப்பி அனுப்பினால், பிறகு நிரப்பும் விசாப் படிவங்களில் அதற்கும் பதில் எழுதிக்கொண்டிருக்க வேண்டும்.

அந்த முன்பணத்துக்கு நல்ல டியூப்லெஸ் டயர் வாங்குங்கள். நம் நெருஞ்சி முள் நியூ மெக்சிகோவிலும் கிடக்கிறது. ஏற்கெனவே பணம் கொடுத்துவிட்டீர்களா? அது பிறகு. அசல் பாஸ்போர்ட் அவரிடம் இருந்தால் இன்றே போய் வாங்கிவிடுங்கள்.