கரிசல் காட்டில் போகும் கேஸ் குழாய் துருப்பிடிக்காமலே வெடிக்குமா?

"கோவில்பட்டிப் பக்கம் எங்கள் காட்டுக்குள் கேஸ் லைன் போகிறது. துருவே இல்லாத குழாயும் வெடிக்கும் என்கிறார்களே, நிஜமா?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

நிஜம்தான். நானும் நெல்லைச் சீமைக்காரன். குழாய் அரிப்பைத் தடுப்பதுதான் என் வேலை.

இதற்குத் தகைவு அரிப்பு விரிசல் என்று பேர். மூன்று சேர்ந்தால்தான் வரும்: அதற்கு இடம் கொடுக்கும் எஃகு, கேஸ் அழுத்தத்தால் குழாய்ச் சுவரில் ஏறும் இழுவிசை, எஃகைத் தொட்டு நிற்கும் ஈரம். முதல் இரண்டும் எந்த லைனிலும் இருக்கும். ஈரத்தை அண்டவிடாமல் பார்ப்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

கரிசலில் அது லேசு இல்லை. ஐப்பசி மழையில் உப்பி, சித்திரை வெயிலில் பாளம் பாளமாகப் பிளக்கிற மண். வருஷா வருஷம் குழாயின் மேல்பூச்சைப் பிடித்து இழுக்கும். பழைய முறையில் பாலித்தீன் டேப் சுற்றிய குழாய் என்றால் டேப் சுருங்கி, அடியில் தண்ணீர் தங்கிவிடும். துருவைத் தடுக்க மண் வழியாகக் கொடுக்கும் மின்னோட்டத்தையும் அந்த டேப்பே மறித்துவிடும். ஆனால் அந்தப் பாதுகாப்பைத் தரைக்கு மேலே சோதிக்கும் மீட்டரில் அளவு சரியாகவே காட்டும்! கனடாவில் 1980களில் டேப் சுற்றிய குழாய்கள் இப்படித்தான் உடைந்தன. 1965 மார்ச்சில் அமெரிக்காவின் லூசியானாவில் 17 பேரைக் கொன்ற கேஸ் குழாய் வெடிப்பும் இந்த விரிசலால்தான். ஆனால் அது வேறு ரகம். காரத்தன்மை கூடிய ஈரத்தில், கேஸை அழுத்தித் தள்ளும் கம்பிரசரைத் தாண்டியதும் வரும் சூடான பகுதியில் அதிகம் வரும்.

சோதிக்கும்போது குழி தோண்டி, பூச்சை உரித்து, எஃகைத் துடைத்து, மெலிதாக வெள்ளைப் பெயிண்ட் அடிப்போம். காந்தமூட்டி, கருப்பு இரும்புத்தூள் கலந்த திரவத்தைத் தெளித்தால், அதுவரை வழவழவென்று இருந்த இடத்தில் முடி முடியாகக் கோடுகள் எழும்பும். பெரும்பாலும் குழாயின் நீளவாக்கில், கூட்டம் கூட்டமாக. பார்த்தால் வயிறு கலங்கும். இவை ஒன்றோடு ஒன்று சேர்ந்து நீளும்போதுதான் ஆபத்து. குழாய்க்குள்ளேயே ஓடித் துரு தேடும் சாதாரண 'பிக்' கருவிக்கு இவை சிக்காது. விரிசலுக்கென்றே உள்ள கருவியை உள்ளே விட வேண்டும், இல்லையென்றால் தண்ணீர் நிரப்பி அழுத்தச் சோதனை செய்ய வேண்டும்.

இப்போது பதிக்கும் குழாய்களுக்கு ஆலையிலேயே மூன்றடுக்குப் பூச்சு ஒட்டி வருகிறது. பயம் ரொம்பக் குறைவு. வெல்டிங் மூட்டுகளில் களத்தில் வைத்துச் சுற்றும் உறைகளைத்தான் நான் விடாமல் கவனிப்பேன்.

அப்புறம், உங்கள் பங்குக்கு: லைன் மேல் கிணறு வெட்டுவதோ மரம் வைப்பதோ கூடாது, 1962ஆம் ஆண்டுச் சட்டமே தடுக்கிறது. ஜேசிபி வாளி பட்டுப் பூச்சு உரிந்தால் மண்ணைத் தள்ளி மூடிவிடாதீர்கள். லைன் ஓரக் கம்பத்தில் எழுதியிருக்கும் எண்ணுக்கு உடனே போன் போடுங்கள்.