தனுஷ்கோடியை அழித்தது புயல் மட்டும்தானா?

கேள்வி: தனுஷ்கோடி அழிந்தது இயற்கையின் செயல், அதில் மனிதர் யாரையும் பொறுப்பாக்க முடியாது என்கிறார்கள். அப்படியானால் வரலாற்றில் மனித முடிவுக்கு இடமே இல்லையா?
(வாசகர், தங்கச்சிமடம்)

பதில்: 1964 டிசம்பர் 22 இரவு அடித்த புயலை யாராலும் தடுத்திருக்க முடியாது. அந்தமட்டில் அவர்கள் சொல்வது சரி. ஆனால் புயல் அடித்த இடத்தில் ரயில் நிலையமும் துறைமுகமும் இருந்தது மனிதர் எடுத்த முடிவு. அதற்கு முன்பு இலங்கைக்குப் போகிறவர்கள் தூத்துக்குடியில் கப்பல் ஏறினார்கள். 1914-ல் ராமேசுவரம் தீவைக் கரையோடு இணைக்கும் பாம்பன் பாலம் திறந்ததும் வழி மாறியது. இலங்கைக் கரையிலுள்ள தலைமன்னாருக்குக் கடல்வழி ஏறக்குறைய 35 கிலோமீட்டர்தான் என்பதால், மன்னார் வளைகுடாவுக்கும் பாக் நீரிணைக்கும் (உள்ளூர்ப் பேச்சில் ஆண்கடல், பெண்கடல்) நடுவே நீண்டு கிடக்கும் தனுஷ்கோடி மணல்திட்டைத் தேர்ந்தெடுத்தார்கள். அன்றைய கணக்கில் அது நியாயமான முடிவும்கூட.

விதியா மனிதனா என்று பொத்தாம்பொதுவாகக் கேட்டால் விடை கிடைக்காது. நிகழ்வைத் துண்டு துண்டாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் இப்படிக் கேளுங்கள்: அந்த நேரத்தில் அவர்களுக்கு என்ன தெரியும்? வேறு வழி கைக்கெட்டும் தூரத்தில் இருந்ததா? அதே நிலையில் வேறு யாராவது வேறு விதமாகச் செய்தார்களா? கடைசிக் கேள்விக்கு இந்தத் தீவிலேயே விடை இருக்கிறது. அதே புயல் பாம்பன் பாலத்தின் 145 கர்டர்களில் (தண்டவாளத்தைத் தாங்கும் இரும்பு உத்தரங்கள்) 126-ஐப் பெயர்த்துவிட்டது. சரிசெய்ய ரயில்வே ஆறு மாதம் கெடு வைத்தது, மேலதிகாரி அதை மூன்று மாதமாகக் குறைத்தார். பொறுப்பேற்ற பொறியாளர் ஸ்ரீதரன், கடலில் கிடந்த கர்டர்களை மீட்டுப் பொருத்தி 46 நாளில் முடித்தார். தனுஷ்கோடிக்குப் போன தண்டவாளமோ திரும்பப் போடப்படவே இல்லை. கப்பல் ராமேசுவரத்துக்கு மாறியது. பாலம் வேண்டும், ஊர் வேண்டாம் என்று தேர்ந்தெடுத்ததைப் புயலின் தலையில் கட்ட முடியாது.

கேள்வி: அந்தப் புயலில் கடல் அடித்துக்கொண்டு போன ரயிலின் ஓட்டுநர்மேல் தவறு உண்டா?
(வாசகர், மண்டபம்)

பதில்: பாம்பனிலிருந்து இரவு 11.55-க்குக் கிளம்பிய 653-ஆம் எண் பாசஞ்சர் அது. சிக்னல் வேலை செய்யாமல் சற்று நின்று, நீளமாக விசில் கொடுத்துவிட்டு ஓட்டுநர் வண்டியை எடுத்தார் என்று சொல்வது வழக்கம். வண்டியில் இருந்த யாரும் பிழைக்கவில்லை. விசில் சத்தம் வெளியே கேட்டிருக்கலாம், அவர் மனதில் ஓடியதைச் சொல்ல ஆளில்லை. ஆகவே துணிச்சல், அலட்சியம் என்ற இரண்டு சொல்லையுமே தவிருங்கள். அலை வரப்போவது நமக்குத் தெரியும். அவருக்கு முன்னால் இருந்தது இருட்டும் மழையும்தான். அந்த வானிலையில் வண்டியை அனுப்பலாமா என்று தீர்மானிக்கும் இடம் என்ஜின் அல்ல, அதற்கு மேலே இருக்கிறது. பொறுப்பை அங்கிருந்து எடைபோடத் தொடங்குங்கள்.

கேள்வி: வாழத் தகுதியற்ற இடம் என்று அரசே அறிவித்ததே, அது இயற்கையின் தீர்ப்பு இல்லையா? கட்டுரையில் எப்படி எழுதலாம்?
(கல்லூரி மாணவி, ராமநாதபுரம்)

பதில்: "அரசு திரும்பக் கட்டாமல் விட்ட ஊர்" என்று எழுதுங்கள். மீனவக் குடும்பங்கள் இன்றும் அங்கே குடிசை போட்டு வாழ்கின்றன. நேரில் போனால் மணலில் தோண்டிய ஊற்றைப் பாருங்கள். மழைநீர் மணலில் இறங்கி, எடை கூடிய உப்புநீரின் மேல் மிதக்கிறது. கடல்மட்டத்துக்கு மேல் ஓர் அடி நல்ல தண்ணீர் நின்றால் கீழே சுமார் 40 அடிவரை இருக்கும் என்பது பொதுக் கணக்கு. குறுகிய திட்டில் அந்த ஓர் அடியே நிற்பதில்லை, அதனால் நல்ல நீரின் அடுக்கு மெலிசு. ஆழம் கூட்டினாலோ மோட்டார் வைத்து இழுத்தாலோ உப்பு மேலேறிவிடும். ஆழமில்லாமல் கையால் தோண்டி, சிரட்டையால் மொண்டு, மறுபடி ஊறும்வரை காத்திருந்து மொண்டால் குடிக்கலாம். ஒரு நகரத்துக்கு அந்தத் தண்ணீர் காணாது. சில குடும்பங்களுக்குக் காணும்.