ஓவியத்தை மூட்டை கட்ட வேண்டுமா?

கேள்வி: உயிரியல் இளங்கலை இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். சிறு வயதிலிருந்தே மனசு ஓவியத்தில்தான். இப்போது ஆராய்ச்சிக்குப் போகவும் ஆசை வந்திருக்கிறது. வரைவதை நிறுத்திவிட்டுப் படிப்பில் இறங்குவதுதான் சரியா?

பதில்: நிறுத்த வேண்டாம். பயோடேட்டாவின் கடைசி வரியில் 'பொழுதுபோக்கு' என்று கிடக்கும் ஓவியத்தால் மட்டும் பயனில்லை. அதை மைக்ராஸ்கோப் பக்கத்தில் கொண்டுவந்து வையுங்கள்.

நரம்பியல் ஆராய்ச்சியின் முன்னோடி, ஸ்பெயின்காரரான சாந்தியாகோ ரமோன் இ கஹால் ஓவியராகத்தான் ஆசைப்பட்டார். அப்பா மருத்துவர், மகனும் அப்படியே ஆக வேண்டும் என்று ஒரே பிடிவாதம். எலும்புகளை வரைய விட்டுத்தான் பையனை உடற்கூறியலுக்குள் இழுத்தார். பின்னாளில் கஹாலுக்குக் கைகொடுத்தது, இத்தாலியின் காமிலோ கோல்ஜி 1873-இல் வெளியிட்ட வெள்ளிச் சாய முறை. நரம்பு செல்களில் ஒரு சிலவற்றை மட்டும் அது கறுப்பாக்கிக் காட்டும். கோல்ஜி அதில் கண்டது ஒன்றோடொன்று பின்னிய வலை. கஹால் கண்டது தனித்தனி செல்கள்; அதுவே சரி என்று பின்னால் உறுதியானது. 1906-இல் இருவருக்கும் சேர்த்தே நோபல் கொடுத்தார்கள் (தன் நோபல் உரையிலும் கோல்ஜி விட்டுக்கொடுக்கவில்லை!). கஹாலின் வெற்றிக்கு ஓவியம் மட்டுமே காரணம் என்று சொல்ல மாட்டேன். இழைகள் இன்னும் அடர்ந்து பின்னாத, கருவிலும் குஞ்சிலும் உள்ள இளம் மூளையை எடுத்துப் பார்த்தது பெரிய சாமர்த்தியம். ஆனால் ஓர் இழை எங்கே முடிகிறது என்று முடிவுசெய்யாமல் கோடு போட முடியாதே.

நீங்களே சோதித்துப் பாருங்கள். ஓர் எறும்பின் உணர்கொம்பை லென்ஸ் வைத்து வரையுங்கள். முழங்கை போல மடங்கும் இடம் வரை ஒரே நீளத் துண்டு. அதற்கப்புறம் சின்னச் சின்னக் கணுக்கள். எத்தனை? பென்சில் அங்கே நின்றுவிடும், எண்ணியே ஆக வேண்டும். பல இனங்களின் வேலைக்கார எறும்புகளில் அந்த நீளத் துண்டையும் சேர்த்து மொத்தம் 12. உங்கள் எறும்பில் குறைந்தால் அது வேறு இனமா, நீங்கள் எண்ணியது தப்பா? ஆராய்ச்சி அந்த இடத்திலேயே ஆரம்பமாகிவிடுகிறது.

ஒன்றை மறைக்கக் கூடாது. படம் நன்றாக இருக்கிறது என்பதற்காக யாரும் முனைவர் பட்டத்துக்குச் சேர்த்துக்கொள்வதில்லை. புள்ளியியலும் கொஞ்சம் புரோகிராமிங்கும் இந்த ஆண்டே தொடங்கிவிடுங்கள். பிறகு, உங்களுக்குப் பிடித்த துறையில் வேலை செய்யும் ஓர் ஆய்வாளரின் கட்டுரையை முழுதாகப் படித்து, அதிலுள்ள ஒரு படத்தை உங்கள் கையால் திரும்ப வரையுங்கள். கை எங்கே தயங்கியதோ அதையே கேள்வியாக்கி, படத்தோடு சேர்த்து அவருக்கு மின்னஞ்சல் அனுப்புங்கள். விடுமுறையில் ஆய்வகத்துக்கு வரலாமா என்பதையும் அதிலேயே கேட்டுவிடுங்கள்.